கேஸ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு

சிறு வயதில் ஒரு சாரணர் குழுவிலோ, விளையாட்டு கிளப்பிலோ, கோடை முகாமிலோ பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் பல வருடம் கழித்து என்னிடம் பேச வரும்போது, முதலில் அந்த ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பயிற்சியாளர், முகாம் தலைவர், தன்னார்வலர், யாரோ ஒரு சார். அவருக்குத் தண்டனை கிடைக்குமா என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. கூடவே நான் இன்னொன்றையும் கேட்பேன்: அந்த ஆளை உங்கள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது யார்?

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஒரு சட்ட உதவி அமைப்பில் வேலை. வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் உட்கார்ந்து கேட்டு, எந்த வருடம் எங்கே என்ன நடந்தது என்று வரிசையாக எழுதித் தருவேன். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று பல நாடுகளிலிருந்தும் அழைப்பார்கள். அதனால் ஒரே நாட்டுச் சட்டத்தை வைத்து இதை எழுத முடியவில்லை. சட்ட ஆலோசனையாகவும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வக்கீல் எதிரே உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக உதவினால் போதும்.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வரிசையைப் பற்றி. போலீஸ் புகார், நஷ்டஈடு கேட்டுப் போடும் சிவில் வழக்கு, அரசு இழப்பீடு, அமைப்போடு நேரடிப் பேச்சு என்று வழிகள் பல உண்டு. ஒன்றில் போய் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் இன்னொன்று அடைபட்டுப் போகலாம். கோபத்தில் கண்ணில் பட்ட வழியில் இறங்கிவிட்டு, அப்புறம் "இது மூடிவிட்டதா?" என்று கேட்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

காலம் கடந்துவிட்டதே என்ற பயத்திலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணை ஆணையம், அமைப்புகளுக்குள் நடந்த சிறார் பாலியல் கொடுமைகளை விசாரித்தது. அதனிடம் தனியறையில் பேசியவர்கள் நடந்ததை வெளியே சொல்லச் சராசரியாக 23.9 வருடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் பத்து வயதில் நடந்ததை முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதில் சொல்வதுதான் சாதாரணம். சட்டங்களோ வெகுகாலம் வரை, பதினெட்டு முடிந்ததும் மூன்று வருடத்துக்குள் வந்து வழக்குப் போடு என்றுதான் எழுதப்பட்டிருந்தன.

இங்கே கிரிமினலையும் சிவிலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கிரிமினலில் பல நாடுகளில் காலவரம்பு பெரிய தடை இல்லை. இங்கிலாந்தில் கடுமையான பாலியல் குற்றங்களுக்கு வரம்பே கிடையாது. இந்தியாவில் 2012 நவம்பர் 14 அன்று, சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கென்றே வந்த போக்சோ சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி புகார் கொடுக்க வயது வரம்பு இல்லை என்று 2018 இல் மத்திய அரசே தெளிவுபடுத்தியது. ஆனால் போக்சோ பின்னோக்கிப் பாயாது. 2012 நவம்பருக்கு முன்னால் நடந்ததென்றால் அன்றைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பேசும். பெண் குழந்தையாக இருந்தால் பாலியல் வல்லுறவுக்கான 376 ஆவது பிரிவு, ஆணாக இருந்தால் பெரும்பாலும் இயற்கைக்கு மாறான உறவு என்று எழுதப்பட்ட 377. இவை நீண்ட தண்டனைக்குரிய பிரிவுகள் என்பதால் காலவரம்பு குறுக்கே வராது. மானபங்கத்துக்கான 354 க்கு 2013 திருத்தத்துக்கு முன் அதிகபட்சம் இரண்டு வருடம்தான் தண்டனை. அந்த மாதிரிக் குற்றத்துக்கு மூன்று வருடத்துக்குள் வழக்கு எடுக்கப்பட வேண்டும், இல்லையென்றால் தாமதத்தை மன்னிக்கும்படி நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும். ஒரே முகாமில் ஒரே வாரத்தில் நடந்த இரண்டு சம்பவங்களில் ஒன்று உயிரோடு இருக்கும், இன்னொன்று செத்திருக்கும். ஆகவே "எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள்.

சிவிலில்தான் நாட்டுக்கு நாடு தலைகீழ். இந்தியாவில் 1963 காலவரம்புச் சட்டம் மைனர்களுக்குச் சலுகை தருகிறது. ஆனாலும் பதினெட்டு முடிந்து மூன்று வருடத்தில் கதை முடிந்தது. இருபத்தொரு வயதில் அமைப்பின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடும் தெம்பு யாருக்கு இருக்கும்? இதை மாற்றச் சொல்லி இங்கே போதுமான சத்தம் எழவில்லை என்பது என் தீராத ஆதங்கம். இங்கிலாந்திலும் அதே இருபத்தொன்றுதான், ஆனால் 1980 காலவரம்புச் சட்டத்தின் 33 ஆவது பிரிவில் நீதிபதி மனது வைத்தால் அதைத் தாண்டி அனுமதிக்கலாம். இந்த மூன்று வருட வரம்பையே எடுத்துவிடப் போவதாக 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்தது. ஆஸ்திரேலிய மாநிலங்கள் வரம்பை முழுசாக நீக்கிவிட்டன. விக்டோரியா 2015 இல் ஆரம்பித்து வைத்தது. அமெரிக்காவில் நியூயார்க் 2019 இல் கொண்டுவந்த சட்டம் 55 வயது வரை வழக்குப் போட இடம் தந்தது. பழைய, காலாவதியான வழக்குகளுக்காகவும் ஒரு தற்காலிக அவகாசம் திறந்து, கொரோனாவால் அதை நீட்டி, 2021 ஆகஸ்டில் மூடியது. இதுபோன்ற அவகாசங்கள் திறப்பதும் மூடுவதும் பல பேருக்குத் தெரிவதே இல்லை. உங்கள் ஊர்ச் சட்டம் இன்றைக்கு என்ன சொல்கிறது என்று இந்த வருடத் தேதி போட்டுக் கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் யாரோ சொன்ன பதிலை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சரி, அமைப்பின் பொறுப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த, கூடவே மிகவும் எரிச்சலூட்டும் பகுதி இது.

கனடா உச்ச நீதிமன்றம் 1999 ஜூன் 17 அன்று ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் கொடுத்தது. முதல் வழக்கில், மனரீதியாகச் சிரமப்படும் குழந்தைகளுக்கான ஒரு விடுதி. அங்கே வேலை செய்தவர் குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, இரவில் படுக்க வைப்பது எல்லாம் செய்ய வேண்டும், அதுதான் வேலை. அவர் செய்த கொடுமைக்கு விடுதியும் பொறுப்பு என்றது நீதிமன்றம். நிர்வாகம் தவறே செய்யாவிட்டாலும் பொறுப்பு. ஏனென்றால் அந்த வேலையின் அமைப்பே கொடுமைக்கான வாய்ப்பைக் கூட்டியிருக்கிறது. இரண்டாவது வழக்கில், சிறுவர் சிறுமியருக்கான ஒரு கிளப். நிகழ்ச்சி இயக்குநர் அங்கே வந்த பிள்ளைகளோடு நெருங்கிப் பழகினார்; பழகச் சொன்னதும் கிளப்தான். ஆனால் கொடுமை, ஒரு சம்பவம் தவிர மற்றதெல்லாம், கிளப் நேரத்துக்கு வெளியே அவருடைய வீட்டில் நடந்தது. நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அந்த வகையில் கிளப் பொறுப்பில்லை என்றார்கள். நிர்வாகம் தானே கவனக்குறைவாக இருந்ததா என்ற கேள்வியை மட்டும் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

இளைஞர் அமைப்புகளில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது மாதிரிதான். முகாமில் நம்பிக்கையை வளர்ப்பார்கள், காரில் கொண்டுபோய் விடுவார்கள், வீட்டுக்கு அழைப்பார்கள். அதனால்தான் நான் கேள்வி கேட்கும்போது ரொம்பச் சின்னதாகத் தோன்றும் விவரங்களைத் துருவுவேன். அந்தக் காருக்குப் பெட்ரோல் காசு யார் கொடுத்தது? வீட்டுக்குப் போனது கிளப் சாமான் எடுக்கவா? அன்று சீருடையில் இருந்தாரா? உங்கள் அம்மா அப்பா உங்களை அனுப்பியது அந்த ஆளை நம்பியா, அமைப்பின் பெயரை நம்பியா? எரிச்சலாகத்தான் இருக்கும். வழக்கு நிற்பதும் விழுவதும் அங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் 2001 இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, ஒரு விடுதி வார்டன் செய்ததற்கு அவரை வேலைக்கு வைத்த நிறுவனம் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பெல்லாம், "குழந்தையைக் கொடுமைப்படுத்துவது அவர் வேலையே இல்லையே, நாங்கள் எப்படிப் பொறுப்பு?" என்று வாதாடி அமைப்புகள் தப்பித்துக்கொண்டிருந்தன. தன்னார்வலர் சம்பளம் வாங்காதவர் ஆயிற்றே என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. வேலைக்காரர் மாதிரியே நடத்தப்பட்டாரா என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமோ (அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) 2024 நவம்பரில் ஒரு பாதிரியார் வழக்கில், வேலைக்கு வைத்த உறவு இருந்தால்தான் இந்தப் பொறுப்பு என்று கோடு போட்டுவிட்டது. காலவரம்பை முழுசாக நீக்கிய நாடு, இந்தப் பக்கம் கதவைச் சாத்தியது. அதற்காக அங்கே வழக்கே இல்லை என்று அர்த்தமில்லை. அமைப்பு தானே காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டவில்லை என்று நிரூபிக்கும் வழி திறந்தே இருக்கிறது. முன்பே புகார் வந்ததா, வந்தும் அந்த ஆளை வேறு கிளைக்கு மாற்றினார்களா, ஒரு பெரியவர் தனியாக ஒரு பிள்ளையோடு கூடாரத்தில் தூங்கலாம் என்று விட்டிருந்தார்களா, இதெல்லாம் அங்கே கணக்குக்கு வரும்.

"முன்பே தெரியுமா?" என்ற கேள்விக்குப் பதில் அநேகமாக அமைப்பின் அலமாரியில்தான் இருக்கும். அமெரிக்க பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு, சேர்க்கத் தகுதியில்லாத தன்னார்வலர்கள் என்று பல பத்தாண்டுகளாக ரகசியக் கோப்பு வைத்திருந்தது. 2010 இல் ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் நடந்த வழக்கில் அந்தக் கோப்புகள் ஜூரி முன்னால் வந்தன. அமைப்பைத் தண்டிப்பதற்காகவே விதிக்கும் நஷ்டஈடு மட்டும் 1.85 கோடி டாலர் என்று ஜூரி சொன்னது. 1965 முதல் 1985 வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் 2012 இல் நீதிமன்ற உத்தரவின் பேரில் வெளியே வந்தன. பிள்ளைகளைக் காப்பதற்காக வைத்த பட்டியல் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருந்தவர்களைப் பற்றிப் பல சமயம் போலீஸுக்கோ பெற்றோருக்கோ யாரும் மூச்சு விடவில்லையே.

உங்கள் பக்கத்து ஆதாரம் பற்றி ஒருவர் கதையைச் சொல்கிறேன். அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். இங்கிலாந்தில் வளர்ந்தவர், நாற்பதுகளில் இருப்பவர். வீடியோ அழைப்பில் வந்தார். எடுத்த எடுப்பில், "அந்த ஆளே செத்துப்போயிட்டான் அக்கா, இனி யார் மேல கேஸ் போடறது?" என்றார். கிரிமினல் கேஸ் இனி இல்லை, ஆனால் அமைப்பு உயிரோடுதானே இருக்கிறது தம்பி என்றேன். "என்கிட்ட ஒரு ஆதாரமும் கிடையாது. யார் நம்புவாங்க?" என்றார். வீட்டில் பழைய பெட்டி ஏதாவது இருக்கிறதா, சீருடை, சான்றிதழ், போட்டோ, எது இருந்தாலும் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள் என்று சொன்னேன்.

அடுத்த முறை பேசும்போது ஒரு சின்னப் புத்தகத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். பிள்ளைகள் ஒவ்வொரு திறமைக்கும் பேட்ஜ் வாங்கும்போது தலைவர் கையெழுத்துப் போட்டுத் தரும் பதிவுப் புத்தகம். முடிச்சுப் போடுதல், திசைகாட்டி பார்த்தல், முதலுதவி. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, அதற்குப் பக்கத்தில் நீல மையில் இரண்டு எழுத்துச் சுருக்கொப்பம். முகாம் நடந்த வாரத்தில் மூன்று பேட்ஜ், மூன்றிலும் அதே ஒப்பம். மூலை மடங்கி, ஒரு பக்கத்தில் தண்ணீர் பட்டு மை பரவியிருந்தது. நடந்ததை அந்தப் புத்தகம் நிரூபிக்காது. அந்த வாரத்தில், அந்த முகாமில், இந்தப் பையன் அந்த ஆளின் பொறுப்பில் இருந்தான் என்பதை அந்த ஆளே தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறான். "அவன் இங்கே இருந்ததற்குப் பதிவே இல்லை" என்று அமைப்பு சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது.

பழைய விஷயங்களில் ஆதாரம் என்பது பெரும்பாலும் இந்த மாதிரித்தான். குழு போட்டோ, முகாமிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதம், பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு, அந்த வருடம் திடீரென்று மதிப்பெண் சரிந்த பள்ளி அறிக்கை, பழைய மருத்துவக் குறிப்பு. அப்புறம் நம்மில் யாருக்கும் தோன்றாத ஒன்று உண்டு: அந்த வருடத்து இன்சூரன்ஸ் பாலிசி. அமைப்பு இன்று கையில் காசில்லை என்று சொல்லலாம். சம்பவம் நடந்த வருடத்தில் அதற்குக் காப்பீடு கொடுத்த கம்பெனி பணம் கட்ட வேண்டி வரலாம். அதைத் தேடிப் பிடிப்பது உங்கள் வேலை இல்லை, நல்ல வக்கீலின் வேலை. ஆனால் குழுவின் சரியான பெயர், கிளை எண், எந்த வருடங்கள் என்று நீங்கள் சொன்னால்தான் அவர் தேட முடியும்.

இந்தக் கட்டத்தில் இரண்டு எச்சரிக்கை. அதே ஆளால் பாதிக்கப்பட்ட இன்னொருவரைக் கண்டுபிடித்தால் பெரிய ஆறுதல்தான். அவரோடு உட்கார்ந்து விவரங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் உங்கள் நினைவைத் தனியாகப் பதிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும், அது நிச்சயம். இரண்டாவது, நீங்கள் எழுதி வைப்பது எதுவும் ஒரு நாள் எதிர்த்தரப்புக் கைக்குப் போகலாம். மனநலப் பாதிப்புக்கு நஷ்டஈடு கேட்டால் ஆலோசகரின் குறிப்புகளைக்கூடக் கேட்பார்கள். ஆலோசனையை நிறுத்தச் சொல்லவில்லை, ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் விரிவான வாக்குமூலத்தை வக்கீல் கேட்டு, வக்கீலுக்காக எழுதுங்கள். வக்கீலோடு நடக்கும் பரிமாற்றத்துக்குப் பல நாடுகளில் தனிப் பாதுகாப்பு உண்டு. நினைவில் இல்லாத தேதியைக் குத்துமதிப்பாக நிரப்பாதீர்கள். "மழைக்காலம், எனக்குப் பல்லில் கம்பி போட்டிருந்த வருடம்" என்பது தப்பான தேதியைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இப்போது கையெழுத்து விஷயம். ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலை 1 முதல் தேசிய நிவாரணத் திட்டம் நடக்கிறது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2027 ஜூன் 30. அதிகபட்சம் 1,50,000 டாலர், ஆலோசனைக்கு உதவி, விரும்பினால் அமைப்பின் பொறுப்பாளர் நேரில் வந்து உங்கள் பேச்சைக் கேட்டு மன்னிப்புக் கேட்பது. சாட்சிக் கூண்டு கிடையாது. நடந்திருக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று தோன்றினால் போதும். நீதிமன்றம் கேட்பதைவிட இது எளிது. ஆனால் கொடுக்கும் தொகையை ஏற்றுக்கொண்டால் அந்த அமைப்பின் மேல் சிவில் வழக்குப் போடும் உரிமை போய்விடும். முன்பு அமைப்பே நேரடியாக ஏதாவது பணம் கொடுத்திருந்தால் அதையும் கழிப்பார்கள். சிலருக்கு இது மிகச் சரியான வழி. நீதிமன்றத்தில் நின்றால் உடைந்துவிடுவோம் என்று தெரிந்தவர்கள் இதைத் தேர்ந்தெடுத்து நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வழக்கில் இதைவிடப் பல மடங்கு கிடைத்திருக்கக்கூடியவர்கள், யாரிடமும் கேட்காமல் கையெழுத்துப் போட்டதையும் பார்த்திருக்கிறேன்.

பாய் ஸ்கவுட்ஸ் கதை இன்னும் விநோதம். வழக்குகள் குவிந்ததும் அமைப்பு 2020 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. உடனே எல்லா வழக்குகளும் நின்றன. கோரிக்கை கொடுக்க நீதிமன்றம் ஒரு கடைசித் தேதி குறித்தது, 2020 நவம்பர் 16. எண்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கோரிக்கை கொடுத்தார்கள். 246 கோடி டாலர் நிதி கொண்ட திட்டம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. காதுக்குப் பெரிய தொகைதான், தலைக்கு வகுத்துப் பாருங்கள். சீக்கிரம் முடித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு 3,500 டாலர் என்று ஒரு வழி வைத்தார்கள். விரிவாக விசாரித்துத் தருவதில், எந்த மாநிலத்தில் நடந்தது, அங்கே காலவரம்பு எப்படி என்பதை வைத்துக்கூடத் தொகை கூடும், குறையும். ஒரே கொடுமை, மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பும் இதே பாதையில்தான் போனது. 2018 டிசம்பரில் திவால் மனு, 2021 டிசம்பரில் 38 கோடி டாலர் சமரசம். திவால் என்று செய்தி வந்தால், எல்லாம் போச்சு என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. அந்தக் கடைசித் தேதியைத் தேடுங்கள். அது போனால்தான் உண்மையில் போச்சு.

அமைப்பே நேரில் கூப்பிட்டுப் பேசினால்? மரியாதையாகப் பேசுவார்கள், தேநீர் கொடுப்பார்கள், வருத்தம் தெரிவிப்பார்கள். மேசையில் ஒரு காகிதம் இருக்கும். இனி வழக்குப் போட மாட்டேன், இதைப் பற்றி வெளியே பேச மாட்டேன் என்று அதில் எழுதியிருக்கும். வக்கீலிடம் காட்டாமல் தொடக்கூட வேண்டாம். ஆலோசனைக் கட்டணத்தை ஏற்கிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றாலும் அதே பதில்தான்.

இந்தியாவில் அமைப்பின் மேல் இருக்கும் பிடி வேறு மாதிரியானது. போக்சோ 19 ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 21(2) இன்படி, தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை சிறை, கூடவே அபராதம். "முதலில் நாங்களே உள்ளுக்குள் விசாரிக்கிறோம்" என்று சொல்லும் நிர்வாகிக்கு இந்தப் பிரிவை வாசித்துக் காட்டலாம். புகார் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்று உச்ச நீதிமன்றமும் 2022 இல் சொல்லியிருக்கிறது. பொறுப்பில் இருந்த ஆள், குழந்தைகளுக்குச் சேவை தரும் நிறுவனத்தின் ஊழியர், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர் என்றால் குற்றம் கடுமையானதாகக் கருதப்படும். ஊடுருவல் வன்கொடுமை என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே இருபது வருடம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. இழப்பீட்டுக்கு, குற்றவாளி தண்டிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2020 போக்சோ விதிகளின் 9 ஆவது விதிப்படி சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு தரலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், கண்டுபிடிக்கப்படாமலே போனாலும்கூட இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். இது பல வக்கீல்களுக்கே நினைவில் இருப்பதில்லை, எழுதிக்கொண்டு போங்கள். தகவல் சொல்லும் கடமை எல்லோருக்கும் இருப்பதால், ஆலோசகரிடமோ ஆசிரியரிடமோ மனம் திறப்பதற்கு முன், இதைக் கேட்டால் நீங்கள் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

பெயரைப் போட்டு இணையத்தில் எழுதிவிடலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எழுதுவது உங்கள் உரிமை. அவதூறு வழக்கு வரும், நடக்கும் விசாரணையும் கெடலாம் என்பது தெரிந்து எழுதுங்கள். நடுராத்திரியில் எழுதினால் காலையில் இன்னொரு முறை படித்துவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான்.

அந்தப் பதிவுப் புத்தகக்காரர் என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. உங்களுக்கு என்ன வேண்டும் தம்பி என்று கேட்டபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பணம் என்று சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். சிலர் வெட்கப்படுவார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. "அவங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு தெரியணும் அக்கா" என்றார். அதற்கு வழக்குக்கு முன்னாலேயே ஒரு வழி இருக்கிறது. தன்னைப் பற்றி ஒரு அமைப்பு வைத்திருக்கும் தகவல்களைக் கேட்டு வாங்கும் உரிமை இங்கிலாந்தில் எல்லோருக்கும் உண்டு. சாதாரணமாக ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும். மற்றவர்களைப் பற்றிய பகுதிகளை மறைத்துத்தான் தருவார்கள். ஆனாலும் அவர் வக்கீல் சொன்ன வரிசைப்படியே போனார். முதலில், பழைய ஆவணம் எதையும் அழிக்கக் கூடாது என்று அமைப்புக்கு வக்கீல் கடிதம். பிறகு தகவல் கோரிக்கை. அதற்கு அப்புறம்தான் போலீஸில் பதிவு. ஆள் இறந்திருந்தாலும் அங்கே பதிவு செய்வார்கள். அரசின் குற்ற இழப்பீட்டுத் திட்டத்துக்குப் போக அந்தப் பதிவு வேண்டும். பதினெட்டு வயதுக்குப் பிறகு முதன்முறை போலீஸில் சொன்னவர்களுக்கு இரண்டு வருடக் கெடு அந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். அதனால் எப்போது சொல்வது என்பதையும் யோசித்துத்தான் வைத்தார்கள். எதிரி உயிரோடு இருந்து இன்னும் பிள்ளைகளோடு வேலை செய்கிறான் என்றால் இந்த வரிசையெல்லாம் கிடையாது. நேராகப் போலீஸ், அன்றைக்கே.

வக்கீல் கட்டணம் பற்றியும் கேட்டுவிடுங்கள், கூச்சப்படாமல். அமெரிக்காவில் ஜெயித்தால் வரும் தொகையில் பங்கு என்ற முறை சகஜம், மூன்றில் ஒன்று என்பது வழக்கம். செலவைப் பங்குக்கு முன்னால் கழிப்பார்களா பின்னால் கழிப்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள், தொகை நிறைய மாறும். இந்தியாவில் வக்கீல் அப்படிப் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தடை. பேசினால் எழுந்து வந்துவிடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும். ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு பார்ப்பார்கள். எந்த நாடாக இருந்தாலும், இதற்கு முன்னால் ஒரு அமைப்பை எதிர்த்து இந்த மாதிரி வழக்கு நடத்தியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். விபத்து வழக்கு நிறைய ஜெயித்திருக்கிறேன் என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். முதல் சந்திப்புக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். ஆனால் பேச்சு விவரத்துக்குள் போகும்போது அவர் அறையில் இருந்தால், வக்கீலோடு பேசியதற்கான பாதுகாப்பு சில இடங்களில் போய்விடும். அதனால் அவரை வெளியே உட்கார வைப்பதா உள்ளேயா என்பதையும் முதலிலேயே வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.